ஆட்டைப் பாரு... சாக்குல படு!

உங்க வீட்டில் நாய் இருக்கா பாஸ்? இருந்தால் ஒரு சின்ன டெஸ்ட். அரியர் பயமெல்லாம் வேண்டாம், இன்டர்னல் மார்க் மாதிரிதான்.

நாயை வாசலில் உட்காரச் சொல்லுங்க. உட்கார்ந்ததா? வெரிகுட். இப்போ பால்காரர் டிவிஎஸ் எக்ஸெல்லில் கேன் டங்கு டங்குன்னு ஆட வர்றார். இன்னமும் உட்கார்ந்திருக்கா? எதிர்வீட்டுப் பூனை காம்பவுண்டு சுவர் மேல கேட்வாக் போகுது. இன்னமும்? கடைசிக் கேள்வி, 16 மார்க். தெருவில் 30 செம்மறி ஆடு புழுதியைக் கிளப்பிக்கிட்டு, 'மே'ன்னு கத்திக்கிட்டுப் போகுது. இப்போ உங்க ஆள் எங்கே இருக்கார்?

கோயம்புத்தூர் அபார்ட்மென்ட் நண்பர்களுக்கு அந்தக் கடைசிக் கேள்வி 'அவுட் ஆஃப் சிலபஸ்' மாதிரி தெரியலாம். எங்க ஊர் வெள்ளகோவிலில் அதுதான் கட்டாயக் கேள்வி.

ஊரைத் தெரியாதவங்களுக்காக: திருப்பூர் மாவட்டத்தில், காங்கேயம் தாண்டிக் கரூர் போற ரோட்டில் இருக்கு. பஸ்ஸில் தூங்காமல் வந்தால் ரெண்டு பக்கமும் வெள்வேல மரமும், கிளுவை வேலியும், வேலிக்குள்ளே ஆடுகளும் தெரியும். அதுக்குப் பேர் கொரங்காடு. மழை கம்மியான மேட்டு நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, சுத்தியும் கிளுவையை உயிர்வேலியாக வளர்த்து, உள்ளே ஆடு மாடுகளை விட்டுவிடுவார்கள். மேய்க்க ஆள் வேண்டாம். பின்னாடியே குச்சி எடுத்துக்கிட்டு நடக்க வேண்டாம். தலைமுறை தலைமுறையாக ஓடுகிற, கரன்ட் தேவைப்படாத ஆட்டோமேஷன். சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால் அதில் ஒரே ஒரு 'பக்' இருக்கு. கிளுவை வேலி ஆட்டை உள்ளே வைக்கும். நாயை வெளியே வைக்காது.

2024லும் 2025லும் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துச் செய்திகளைப் படிச்சவங்களுக்கு மீதி தெரிஞ்சிருக்கும். ராத்திரியில் நாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடிச்சுப் போட்டன. ஒரு பட்டி ரெண்டு பட்டி இல்லை, தொடர்ந்து நடந்துச்சு. செத்த ஆடுகளைத் தூக்கிக்கிட்டு விவசாயிகள் ரோட்டுக்கு வந்து போராடினாங்க. சந்தை விலைக்கு ஈடா பணம் கேட்டாங்க. 2025ல் தமிழக அரசு இழப்பீடு அறிவிச்சது. ஆனா, விடிஞ்சதும் பட்டிக் கதவைத் திறந்து அதைப் பார்த்தவங்க மறுநாளிலிருந்து வீட்டில் தூங்கறதில்லை. கட்டிலைப் பட்டி வாசலுக்குக் கொண்டு போயிட்டாங்க.

'அது தெரு நாய் பிரச்னைப்பா, அதுக்கும் எங்க வீட்டு டாமிக்கும் என்ன சம்பந்தம்?'

இருக்கு. பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டு, ராத்திரி பத்து மணிக்கு 'போய்ட்டு வாடா'ன்னு அவிழ்த்துவிடுகிற வீடு எங்க பக்கம் எத்தனையோ. அவிழ்த்துவிட்ட டாமி நூலகத்துக்கா போகும்? கூட்டத்தோடு சேரும். கூட்டத்தில் பெல்ட் போட்ட நாயும் உண்டுன்னு ஊரில் பல பேருக்குத் தெரியும். சத்தமாகச் சொல்ல மாட்டாங்க. ஏன்னா, பெல்ட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்துத் தோட்டத்துக்காரராக இருப்பார், இல்லாட்டி மாமன் மச்சானாக இருப்பார். அப்புறம் ஒருநாள் யாரோ கோபத்தில் கறியில் மருந்து வைப்பாங்க. அது 1960ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கறி பெல்ட் போட்ட நாய், போடாத நாய்னு பார்க்காது.

அதனால் இந்த வாரம் நாய்க்குப் பாடம். ஷேக்ஹேண்ட் கொடுக்கிறது, பேப்பர் எடுத்துட்டு வர்றது மாதிரி ஷோ அயிட்டம் எதுவும் இல்லை. கண் முன்னாடி என்ன போனாலும் சும்மா படுத்திருக்கிற வித்தை. உலகத்திலேயே கஷ்டமான வித்தை அதுதான் (எங்க லெக்சரர் கிளாஸில் 50 நிமிஷம் உட்கார்ந்து பார்த்தவங்களுக்குப் புரியும்).

ஒரு விஷயத்தை முதலில் தெளிவு பண்ணிக்கலாம். பட்டிக்குள் போன நாய் பசிக்காகப் போவதில்லை. பத்து ஆட்டைக் கடிச்ச நாய் பல நேரம் ஒரு ஆட்டைக்கூட முழுசாகத் தின்னிருக்காது. அமெரிக்காவில் ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர்னு ஒரு தம்பதி, ஆடு காக்கிற நாய்களைப் பற்றி வருஷக்கணக்கில் ஆராய்ச்சி பண்ணினாங்க. வேட்டையை அவங்க ஒரு சங்கிலி மாதிரி பார்க்கிறாங்க. முறைச்சுப் பார்க்கறது, பதுங்கறது, துரத்தறது, கவ்வறது, கொல்றது, கிழிக்கறது, அப்புறம்தான் தின்னறது. ஓநாய்க்கு முழுச் சங்கிலியும் இருக்கு. நாய்க்கு இனத்துக்கு இனம் சில கண்ணி பலமாக இருக்கும், சில கண்ணி அறுந்திருக்கும். பார்டர் கோலி ஆட்டை முறைச்சுப் பதுங்கித் துரத்தும், அதோட நின்னுடும். நிறைய நாய்களுக்குத் துரத்தறது வரைக்கும் கண்ணி நல்லாவே ஒட்டிக்கிட்டிருக்கு.

இதில் வில்லங்கம் என்னன்னா, அந்தத் துரத்தலே நாய்க்குச் சம்பளம். பிஸ்கட் வேண்டாம், தட்டிக்கொடுக்க வேண்டாம். எதிரே ஒன்று ஓட, பின்னாடி இது ஓட, அதில் கிடைக்கிற கிக் போதும். நீங்க ஆபீஸில் இருக்கும்போதும், ஹாஸ்டலில் இருக்கும்போதும், தூங்கும்போதும் அந்தச் சம்பளம் நாய்க்குப் போய்க்கிட்டே இருக்கும். ஒரு தடவை கோழியைத் துரத்தி ருசி கண்டால் அடுத்த தடவை உங்க 'நோ'வுக்கு மதிப்பு பாதி. ஆட்டைத் துரத்திட்டால் சுத்தம். கேம்பஸில் பெரிய பேக்கேஜ் கிடைச்ச பையனிடம் போய் 'தம்பி, நம்ம கடையில் பில் போட வர்றியா'ன்னு கேட்கிற மாதிரி ஆகிடும் உங்க ரொட்டித் துண்டு.

அதனால் துரத்தல் சம்பளம் கொடுக்கும் முன்னாடி, அமைதி சம்பளம் கொடுக்க ஆரம்பிச்சிருக்கணும்.

'எங்க அப்பாரு எந்த நாய்க்கு டிரெயினிங் கொடுத்தாரு? பட்டி நாய் ஆட்டுக்குட்டியோடவே படுத்துத் தூங்குமே'ன்னு எங்க பக்கத்து நண்பர்கள் கேட்பீங்க. நியாயமான கேள்வி. எங்க அப்பாருகிட்டயே கேட்டேன். 'அதுக்கென்னத்தைச் சொல்லிக் குடுக்கறது கண்ணு, கண்ணு முழிச்சதே பட்டியிலதான?'ன்னார். அவ்வளவுதான் பாஸ், அந்த ஒரு வரியில் ஒரு பெரிய புத்தகமே இருக்கு. நிஜமாவே இருக்கு. ஸ்காட், ஃபுல்லர்னு ரெண்டு விஞ்ஞானிகள் அமெரிக்காவில் பார் ஹார்பர் என்கிற ஊரில் நாய்க்குட்டிகளை வைச்சுப் பல வருஷம் ஆராய்ந்து 1965ல் வெளியிட்டாங்க. பிறந்து மூணாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை குட்டிக்கு ஒரு ஜன்னல் திறந்திருக்கும். அந்த நாட்களில் எதை எல்லாம் பயமில்லாமல் பார்த்துப் பழகுதோ, அதெல்லாம் 'நம்ம ஆளு' லிஸ்ட்டில் சேரும். பார்க்காதது எல்லாம் பிற்காலத்தில் ஒன்று பயம், இல்லாட்டி விளையாட்டுப் பொருள். பட்டியில் கண் திறந்த குட்டிக்கு ஆடு சொந்தக்காரன். டைல்ஸ் போட்ட ஹாலில் வளர்ந்த லேப்ரடாருக்கு ஆடு என்பது கால் முளைச்ச பந்து.

இன்னொரு சாட்சி வேணுமா? எங்க ஊரில் தறி ஓடுற செட்டுக்கு வாங்க. பக்கத்தில் நின்னு பேசினா நமக்கே காது கேட்காது. செட்டு வாசலில் ஒரு நாய் காலை நீட்டித் தூங்கும். கரன்ட் போய்த் தறி நின்னாத்தான் தலையைத் தூக்கிப் பார்க்கும். அதுக்குச் சத்தம் இருக்கிறது நார்மல், இல்லாததுதான் டிஸ்டர்பன்ஸ்!

அதனால் குட்டி வாங்கியிருக்கிறவங்க இப்பவே ஆரம்பிங்க. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கிவிட வேண்டாம், பார்வோ வந்தால் குட்டி தேறுவது கஷ்டம். மடியில் வைச்சு வண்டியில் கூட்டிட்டுப் போங்க. பஸ் ஸ்டாண்ட் ஹார்ன், ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் மூட்டை வந்து இறங்கற சத்தம், மயில், மாடு, தூரத்தில் ஒரு ஆட்டுக் கூட்டம். பார்க்கட்டும், ரெண்டு துண்டு தின்னட்டும், திரும்பி வந்துடுங்க. பத்து நிமிஷம் போதும்.

குட்டிப் பருவம் தாண்டின நாய்க்கு என்ன வழி? இருக்கு. கொஞ்சம் பொறுமை, ஒரு கோணிச் சாக்கு, கால் கிலோ கோழி ஈரல்.

இங்கே நம்ம பாவ்லோவ் தாத்தாவைக் கூப்பிடணும். ரஷ்யாக்காரர். ஜீரணத்தைப் பற்றின ஆராய்ச்சிக்காக 1904ல் நோபல் வாங்கினவர். சத்தம் கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறின கதை ப்ளஸ் டூவிலேயே படிச்சிருப்போம். ஆனா படிக்காத பாதி ஒன்று இருக்கு. அவரோட சோதனைகள் அடிக்கடி சொதப்பின. காரணம் ரொம்பச் சாதாரணம். யாரோ ஒருத்தர் ரூமுக்குள் வருவார், இல்லாட்டி வெளியே ஒரு சத்தம் கேட்கும், நாய் 'அது என்ன?'ன்னு காதைத் தூக்கும், பழக்கின பாடம் அத்தனையும் அந்த நிமிஷத்துக்குக் காணாமப் போகும். மனுஷர் வெறுத்துப் போய் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தனிக் கட்டடமே கட்ட வைச்சார். தடித்த சுவர், சுத்தியும் அகழி மாதிரி பள்ளம், சத்தமும் அதிர்வும் உள்ளே வராத ஏற்பாடு. 1910ல் வேலை ஆரம்பிச்ச அந்தக் கட்டடத்துக்குப் பேரே 'மௌனக் கோபுரம்'. நோபல் வாங்கின ஆளோட நாயே கவனம் சிதறித்தான் இருந்திருக்கு, உங்க டாமியைத் திட்டாதீங்க. வெள்ளகோவிலில் நமக்கு மௌனக் கோபுரம் கட்ட வசதியில்லை. அதனால் உல்டாவாகப் போவோம். வீட்டில் இருக்கிற அமைதியில் ஆரம்பிச்சு, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவோம்.

சாக்கை ஹாலில் விரிங்க. நாய் மோந்து பார்க்க வரும். ஒரு கால் சாக்கில் பட்டதும் 'சபாஷ்'னு சொல்லி ஒரு துண்டு ஈரல். 'சபாஷ்'தான் வேணும்னு இல்லை, 'ஓகே', 'சூப்பர்' எதுவானாலும் சரி. ஆனா தினமும் ஒரே வார்த்தை, அதுவும் அந்த நொடியிலேயே. நான் ஈசிஇ படிக்கிறவன், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச இடம். சிக்னலுக்கும் ரெஸ்பான்ஸுக்கும் நடுவில் தாமதம் கூடினால் சர்க்யூட் தப்பாகக் கத்துக்கும். நாய் படுத்தது, நீங்க ஃப்ரிட்ஜைத் திறந்து ஈரலை எடுத்து வர்றதுக்குள் எழுந்து குரைச்சது, நீங்க கொடுத்தீங்க. நாயைப் பொறுத்தவரை சம்பளம் குரைச்சதுக்குத்தான். அதனால் துண்டுகள் முதலிலேயே பாக்கெட்டில் இருக்கணும். சுண்டு விரல் நகம் அளவு போதும், விருந்து வைக்க வேண்டாம். ஈரல் ஒத்துக்கலைன்னா அவிச்ச முட்டை. சாக்லேட், வெங்காயம், திராட்சை மூணும் நாய்க்கு விஷம், அந்தப் பக்கமே போகாதீங்க.

கால் வைச்சதுக்குக் கொடுத்தாச்சு, அடுத்த நாள் நாலு காலும் வைச்சால்தான். அதுக்கடுத்து உட்கார்ந்தால்தான். அப்புறம் படுத்தால்தான். படுத்த பிறகு 3 செகண்ட், 5, 10, அரை நிமிஷம். ஒரு தடவைக்கு 5 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், அது போரடிச்சு எழுந்து போகும் முன்னாடி நீங்களே பீரியடை முடிச்சிடுங்க. (நம்ம காலேஜிலும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!)

கட்டளை வார்த்தைக்கு வருவோம். அம்மா 'உக்காரு'ம்பாங்க, அப்பா 'சிட்'ம்பார், தம்பி 'சிட் டவுன் டைகர், குட் பாய், சிட்'னு ஒரு பாராகிராஃபே படிப்பான். நாய் என்ன டிக்‌ஷனரியா வைச்சிருக்கு? எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரே வார்த்தையை முடிவு பண்ணிச் சமையலறைக் காலண்டரில் எழுதி வைங்க. இங்கிலீஷில்தான் சொல்லணும்னு சட்டம் கிடையாது. எங்க வீட்டு டைகருக்கு 'சாக்கு'ன்னா படுக்கணும், 'வாங்'னா வரணும். நாய்க்குக்கூட மரியாதை கொடுக்கிற ஊருடான்னு எங்க ஹாஸ்டல் மதுரைப் பசங்க ஓட்டுவாங்க. ஓட்டட்டும், கூப்பிட்டா வருதில்ல!

கூப்பிட்டா வர்றது பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். கூப்பிட்டு, வந்த பிறகு அடிக்கவே கூடாது. குளிப்பாட்டறதுக்கும் சங்கிலி போடறதுக்கும் மட்டும் கூப்பிடறதும் அடிக்கிற மாதிரிதான். 'வாங்' என்கிற வார்த்தைக்குப் பின்னாடி பத்தில் ஒன்பது தடவை நல்ல செய்தி இருக்கணும்.

வீட்டுக்குள் பாடம் பாஸாகிட்டால் சாக்கு வாசலுக்கு வரும். இங்கேதான் பெரும்பாலானவங்க கோட்டை விடறாங்க. ஹாலில் ரெண்டு நிமிஷம் படுத்த நாய் வாசலில் பத்து செகண்டுகூடப் படுக்காது. 'தெரிஞ்சும் திமிரு பண்ணுது'ன்னு தோணும். திமிர் இல்லை, அதுக்கு அது புதுப் பாடம். லேப் எக்ஸ்பெரிமென்ட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேரியபிளைத்தானே மாத்துவோம்? இங்கேயும் அதே. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தொந்தரவு. மூணில் ஒன்றைக் கஷ்டமாக்கினால் மத்த ரெண்டையும் சுலபமாக்கணும். வாசலுக்கு வந்தால் நேரத்தைத் திரும்ப 3 செகண்டுக்கு இறக்கிடுங்க.

இனி ஆடு.

தெரிஞ்ச தோட்டத்துக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி அனுமதி வாங்கிடுங்க. அவர் ஆட்டுக்கும் இது தொந்தரவுதான், சும்மா போய் நிக்கக் கூடாது. நாய்க்குக் கழுத்துப் பட்டையும், அறுந்து போகாத 20 அடிக் கயிறும் வேணும். கயிறு உங்க கையில், எப்பவும். ஆடு புள்ளி மாதிரி தெரியற தூரத்தில் சாக்கை விரிங்க. நாய் பார்க்கும். காது முன்னாடி வரும். வாய் மூடும். வால் விறைக்கும். அந்த நொடியில் 'சபாஷ்', ஒரு துண்டு. 'பார்த்ததுக்கா பரிசு?'ன்னு கேட்கலாம். பார்த்து, துரத்தாமல் இருந்ததுக்கு.

சரியான தூரத்தில் நிக்கறோமான்னு கண்டுபிடிக்க மீட்டர் எல்லாம் வேண்டாம், ஈரலே மீட்டர். கொடுத்த துண்டை நாய் தின்னால் சரியான இடம். மூக்குக்கு முன்னாடி ஈரலை நீட்டியும் கண்டுக்காமல் ஆட்டையே வெறிச்சுப் பார்த்தால் நீங்க ரொம்பக் கிட்ட வந்துட்டீங்க, எழுந்து அக்கட்டால போங்க. சிக்னலைவிட இரைச்சல் அதிகமாகிட்டால் ரேடியோ எவ்வளவு நல்லதா இருந்தாலும் பாட்டு கேட்காது, அந்த நேரத்தில் கத்தறது வேஸ்ட். தூரம் போனால் தானாகச் சிக்னல் கிடைக்கும்.

தினமும் காலையில் ஆடு மேய்ச்சலுக்குப் போகிற நேரம் பத்து நிமிஷம் இப்படிச் செஞ்சால் ஒருநாள் ஒரு அழகான விஷயம் நடக்கும். நாய் ஆட்டைப் பார்க்கும். அப்புறம் தானாகத் திரும்பி உங்க முகத்தைப் பார்க்கும். 'பார்த்துட்டேன், எங்கே என் துண்டு?' பாவ்லோவ் கதைதான், மணிக்குப் பதில் ஆடு. எங்க டைகருக்கு அந்தத் திரும்பல் வர ஐந்து வாரம் ஆச்சு. உங்க நாய்க்கு ரெண்டு ஆகலாம், பத்தும் ஆகலாம். அந்தத் திரும்பல் வந்த பிறகுதான் பத்தடி கிட்டப் போகணும். அதுக்கு முன்னாடி ஒரு அடிகூட இல்லை.

இதே இடத்தில் சங்கிலியைச் சுண்டி இழுத்து, நாலு சாத்து சாத்தினால் சீக்கிரம் முடியாதான்னு சில பேர் கேட்கறாங்க. பயந்து அடங்கின மாதிரி தெரியும். ஆனா நாய் கணக்குப் போடறதைப் பாருங்க. ஆடு வந்துச்சு, கழுத்து இறுகுச்சு. ஆடு வந்துச்சு, முதுகில் அடி விழுந்துச்சு. ஆடு என்பது நல்ல விஷயம்னு எந்த நாயாவது முடிவு பண்ணுமா? அதோட, குச்சி எடுக்கிற ஆள் இருக்கிற வரைக்கும்தான் அந்த அடக்கம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வேலிக்குப் பக்கத்தில் நீங்க நிக்கப் போறதில்லை. நீங்கன்னு இல்லை, எவ்வளவு நல்லாப் பழக்கின நாயும் ராத்திரி அவிழ்த்துவிட்டு ஊர் சுத்தவிடற நாயாக இருக்கக் கூடாது. பாடம் பகலுக்கு, கேட் ராத்திரிக்கு. ஏற்கெனவே ஆட்டைக் கடிச்ச நாயாக இருந்தால் இந்தக் கட்டுரையை நம்பி நீங்களே இறங்க வேண்டாம். கேட்டுக்குள்ளே வைச்சுட்டு, கால்நடை மருத்துவரிடமும் அனுபவம் உள்ள பயிற்சியாளரிடமும் பேசுங்க.

வெளிநாட்டில் இந்த அமைதிக்குத் தனிப் பரீட்சையே இருக்கு. அமெரிக்காவில் ஹெலன் வொய்ட்ஹவுஸ் வாக்கர்னு ஒரு அம்மா பூடில் வளர்த்தாங்க. 'இது சும்மா அலங்கார நாய்'னு எல்லாரும் கேலி பண்ண, வீம்புக்கு 1933ல் கீழ்ப்படிதல் போட்டி ஒன்றை நடத்தினாங்க. வந்தது 8 நாய். பின்னாடி அந்த ஊர் கென்னல் கிளப் 1989ல் 'நல்ல குடிமகன்' என்று நாய்களுக்கு ஒரு டெஸ்ட் ஆரம்பிச்சது. மொத்தம் 10 அயிட்டம். முன்பின் தெரியாத ஆள் தடவினால் சும்மா இருக்கணும், கூட்டத்துக்குள் நடக்கணும், இன்னொரு நாயைப் பார்த்தும் அலட்டிக்கக் கூடாது, பக்கத்தில் நாற்காலி விழுந்தால் பதறி ஓடக் கூடாது. நம்ம ஊர் எடிஷனுக்கு நான் சிலபஸ் ரெடி பண்ணி வைச்சிருக்கேன்: ஏர் ஹார்ன் பஸ், மயில், கொல்லையில் மேயற கோழி, செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வர்ற ஒறம்பரை, அப்புறம் நம்ம 30 செம்மறி.

'அதெல்லாம் பாரின் நாய்க்குத்தான், நாட்டு நாய்க்குப் புத்தி வராது'ன்னு சொல்ற மாமாக்களுக்கு ஒரு செய்தி. கர்நாடகாவின் முதோல் இனம், நம்ம நாட்டுப் பொருள், அதில் ரியா என்று ஒரு நாய் எல்லைப் பாதுகாப்புப் படையில் இருக்கு. 2024ல் லக்னோவில் நடந்த அகில இந்தியக் காவல் பணித் திறன் போட்டியில், வெளிநாட்டு இன நாய்களை எல்லாம் ஓரங்கட்டி மோப்பத்தில் முதலிடமும் 'சிறந்த நாய்' பட்டமும் வாங்குச்சு. நம்ம ராஜபாளையம் 2005லேயே தபால் தலையில் வந்த ஆள். இன்னும் பழசாப் போகணும்னா திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கு, 7ம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். சண்டையில் செத்த வீரன் பக்கத்தில் அவனோட நாயையும் செதுக்கியிருக்காங்க. பேர் கோவிவன். வந்த திருடங்களைக் கடிச்சுட்டு எசமான் பக்கத்திலேயே காவல் இருந்துச்சுன்னு கல்வெட்டே சொல்லுது. 'ஸ்டே' கட்டளைக்கு இதைவிட நல்ல ரெக்கார்டு எந்தக் கென்னல் கிளப்பில் இருக்கு?

நம்ம செட்டில் இப்போ ஒரு ஃபேஷன் ஓடுது. முதல் வருஷம் ஃப்ரெண்ட்ஸ் ஸ்டேட்டஸ் பார்த்து ஹஸ்கி வாங்கறது, ரெண்டாம் வருஷம் ஹாஸ்டலுக்குக் கிளம்பிடறது. ஹஸ்கி சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஜாதி. எங்க ஊர் சித்திரை வெயிலில், போர்டிகோ தூணில், மூணடிச் சங்கிலியில் அது என்ன பண்ணும்? கத்தும். சங்கிலி எப்போ கழலும்னு பார்த்துக்கிட்டிருக்கும். கழன்ற அன்னிக்கு எதிரே வர்ற முதல் ஆட்டுக்குட்டிக்குக் கெட்ட நேரம். நாய்மேல் எனக்குக் கோபம் இல்லை. வாங்கிக் கட்டிட்டுப் பஸ் ஏறின ஆள்மேல்தான். நாய் வாங்கற பணத்தில் பாதிக்குத் தோட்டத்தைச் சுத்திக் கம்பி வேலி போடலாம், மீதிக்கு வருஷம் பூரா ஈரல் வாங்கலாம், தெருவில் இருக்கிற நாட்டுக் குட்டியை ஓசியிலேயே வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாம்.

ஹாஸ்டலில் இருக்கிறவங்களுக்கும் வேலை இருக்கு. வீட்டில் யார் அதிக நேரம் நாயோடு இருக்காங்களோ அவங்கதான் டிரெயினர். பெரும்பாலும் அது அம்மா, இல்லாட்டி அப்பத்தா. வார்த்தையை மாத்தினது, சாக்கு எந்த இடம் வரைக்கும் நகர்ந்திருக்கு, இன்னிக்கு எத்தனை செகண்ட், எல்லாத்தையும் போன் பண்ணும்போது கேளுங்க. 'சாப்பிட்டியா?' தவிர அம்மாகிட்ட பேச ஒரு டாபிக் கிடைச்ச மாதிரியும் ஆச்சு. லீவுக்குப் போன உற்சாகத்தில் நாயைத் தோளில் குதிக்கவிட்டு ரெண்டு நாளில் அவங்க ஆறு வார உழைப்பைக் காலி பண்ணிடாதீங்க. நாலு காலும் தரையில் இருந்தால்தான் கொஞ்சல்.

தீபாவளிக்கும் வீரக்குமாரசாமி கோவில் தேருக்கும் மட்டும் ஒரு சின்னக் குறிப்பு. வெடிச் சத்தத்தையும் மேளத்தையும் போனில் பதிவு பண்ணி ஒரு மாசம் முன்னாடியே, சாப்பாடு வைக்கிற நேரத்தில், நமக்கே கேட்காத சத்தத்தில் ஓடவிடுங்க. நாய் கண்டுக்காமல் தின்னால் மறுநாள் ஒரு புள்ளி கூட்டுங்க. காதைப் பின்னுக்கு இழுத்தால் ரெண்டு புள்ளி குறைங்க. அன்னிக்கு ராத்திரி உள் ரூமில் அதே சாக்கைப் போட்டுக் கதவைச் சாத்திட்டுப் பக்கத்தில் உட்காருங்க.

சாக்குன்னதும் ஞாபகம் வருது. உரச் சாக்கு, பூச்சி மருந்து வந்த சாக்கு வேண்டவே வேண்டாம். நெல்லோ அரிசியோ வந்த கோணிச் சாக்கு நல்லது, மாட்டுத் தீவனச் சாக்கும் பரவாயில்லை. அப்புறம் அம்மாகிட்ட சொல்லி வைங்க, நாத்தம் அடிக்குதுன்னு முதல் ஒரு மாசத்துக்கு அதைத் துவைச்சுப் போட்டுடப் போறாங்க. நாய்க்கு அந்த நாத்தம்தான் ஹால் டிக்கெட்.